சிஹோவின் காகிதப் பொம்மை

என்னங்க,

சிஹோவுக்குக் காய்ச்சல் நாற்பது டிகிரியைத் தாண்டிவிட்டது. சற்று முன் கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். உங்கள் போன் மேசையிலேயே கிடக்கிறது.

குக்கரில் சோறு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இல்லை, முதலில் இதைச் செய்யுங்கள்.

பொம்மைத் திருநாளுக்கு மூன்று பேரும் உட்கார்ந்து ஆளுக்கொரு காகிதப் பொம்மை செய்தோமே, நோய் நொடியெல்லாம் அதோடு போகட்டும் என்று உடம்பில் தேய்த்து ஆற்றில் விட. நம் இருவருடையதும்தான் போனது. அவளுடையதை நான் விடவில்லை. கோணல் மூக்கு வரைந்திருந்தாள். மனசு வரவில்லை, கைப்பையில் போட்டுக்கொண்டேன். "மூணையும் விட்டாச்சா?" என்று நீங்கள் கேட்டதற்கு, "விட்டாச்சு. உங்க ஊர்ப் பைத்தியக்காரத்தனம் முடிஞ்சுதா?" என்று சிரித்தேன். இரண்டு நாளாக நீங்கள் என்னோடு பேசாதது சரிதான்.

பொம்மை இந்தச் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பாலத்தடியில் இறங்கி, தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்து விடுங்கள். கரையில் ஒதுங்கினால் தள்ளிவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

வரும்போது அவளுடைய மஞ்சள் நிறத் துண்டையும் எடுத்து வாருங்கள்.

கயோகோ

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறது. இன்னொன்று: பொம்மையை அவள் உடம்பில் தேய்க்கப் போனேன். "வேணாம்மா, அதுக்குக் காய்ச்சல் வந்துடும், பாவம்" என்றாள். அவள் கண் அசந்ததும் நெற்றியில் தேய்த்துவிட்டேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.