அவர் பேரில் இருந்த இரண்டு ஏக்கர்

செப். 3, புதன்

காலையிலேயே புழுக்கம். மேகம் கூடுகிறது, மேலூரைத் தாண்டிப் போய்விடுகிறது.

செய்ய: கரண்ட் பில். கண்ணாடிக்கு ஸ்குரூ. வாரிசுச் சான்று நகல் 2.

கூட்டுறவுச் சங்கச் செயலாளர் மறுபடி கையை விரித்தார். "அம்மா, பட்டா ஐயா பேருல இருக்கு. ஐயா இல்ல. பயிர்க்கடன் யாருக்குக் குடுத்தேன்னு நான் எழுதுறது?"

நியாயமான கேள்வி. பிடிக்கவில்லை. அவர் போய் இரண்டு வருடமாகப் பெயரை மாற்றாமல் வைத்திருந்தது நான்தான். காகிதத்திலாவது இருக்கட்டும் என்று. பலன்: போன வருடம் கடன் இல்லை, நடவு இல்லை, இரண்டு ஏக்கரும் தரிசு. ஒருவழியாக ஆடியில் மனு கொடுத்தேன். இன்னும் விசாரணையே முடியவில்லை. பதினெட்டாம் தேதி கால்வாயில் தண்ணீர் விடுகிறார்கள். அதற்குள் கடன் வராவிட்டால் இந்த வருடமும் தரிசு.

அவனியாபுரத்திலிருந்து மகன் ஃபோன். "நான் அனுப்புறேம்மா, எம்புட்டு வேணும்?" வேண்டாம் என்றேன். விதைப்புக்கென்று அவர் ஒருநாளும் பிள்ளையிடம் கேட்டதில்லை.

செப். 5, வெள்ளி

வி.ஏ.ஓ. ஆபீஸ். பட்டா விசாரணை. நல்ல கூட்டம். ஃபேன் ஓடவில்லை.

வரிசையில் ஒவ்வொருவராகக் குறித்துக்கொண்டே வந்த உதவியாளர் என்னிடம் கேட்டார்: "வீட்டுக்காரர் பேரு?"

நாற்பத்தொன்பது வருடத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. கான்வென்ட் படிப்பு இதை மட்டும் மாற்றவில்லை. துண்டுத்தாளில் எழுதி நீட்டினேன். என் கையெழுத்தில் குறை சொல்ல முடியாது.

உதவியாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாவம், அம்மாவுக்குப் பேச்சு வராது போல. முன்னாடி விடுங்கண்ணே."

வரிசை விலகியது. ஒரு பெரியவர் சைகையிலேயே நாற்காலியைக் காட்டினார்.

"எனக்கு நன்றாகப் பேச வரும். என் முறை வரும்போது வருகிறேன்" என்றேன். போய்க் கடைசியில் நின்றேன். முன்னால் நின்ற ஒரு பெண், "ஆத்தி, ரேடியோல பேசுற மாதிரில்ல பேசுறாங்க!"

ஒன்றரை மணி நேரம். முழங்கால் வீக்கம். வருத்தமில்லை.

செப். 11, வியாழன்

லேசான தூறல். பட்டா கைக்கு வந்தது. இ-சேவை மையத்தில் அச்செடுத்துக் கொடுத்தார்கள்.

முதலில் அவர் பெயர். அடுத்து 'மனைவி'. அதற்கப்புறம்தான் என் பெயர்.

அவர் பெயர் போய்விடாது, எனக்கு முன்னால் நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிலம் ஒரு வருடம் காய்ந்து கிடந்திருக்காது.

பஸ்ஸில் நாலு தரம் பிரித்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மடித்துவிட்டேன்.

செப். 12, வெள்ளி

சங்கம். பட்டா, அடங்கல், ஆதார், ஃபோட்டோ 2. எல்லாம் சரி.

"ஐயாவோட உறுப்பினர் எண்ணை நீக்கிட்டுத்தாம்மா உங்களுக்குப் புதுசு போட முடியும்."

படிவம் தந்தார். நீக்கக் காரணம், ஒன்றில் குறியிடவும்: விலகல். நிலம் விற்பனை. வேறு ஊர் சென்றது. இறப்பு.

எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டுப் பழக்கமில்லை எனக்கு. இன்று பேனா மூன்றாவதன் மேலேயே நின்றது. வேறு ஊர். பஸ் பிடித்துப் போகிற தூரத்தில்.

செயலாளர் மெதுவாக, "நாலாவதும்மா."

"எனக்கும் வாசிக்கத் தெரியும்."

குறியிட்டேன். மை கொஞ்சம் இழுகிவிட்டது.

செப். 17, புதன்

கடன் வந்துவிட்டது. பாதி பணம், மீதி உரம். என் பேரில். பேங்க் பாஸ்புக்கில் வரவு அச்சாகியிருக்கிறது.

இரவு இட்லி இரண்டு. பேச ஆள் இல்லை. மகனுக்கு மெசேஜ் அனுப்பினேன், கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

செப். 20, சனி

நேற்று மாலை நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. கலங்கல், நுரை, ஒரு ரப்பர் செருப்பும். காலை ஆறரைக்கே வரப்புக்குப் போனேன். வயல் வேலை பார்க்கும் பாப்பாத்தி முழங்கால் சேற்றில் நின்று மடையைத் திறந்துகொண்டிருந்தாள். வெடித்துக் கிடந்த மண் சத்தமாகக் குடித்தது.

"இந்த வருசம் என்ன நெல்லும்மா போடுறது? நாத்தங்காலுக்கு நாளைக்கே விதை வேணும்."

"கேட்டுச் சொல்கிறேன்" என்றேன், அவர் இருந்தபோது வருடா வருடம் சொன்ன மாதிரியே.

அவளும், "சரிம்மா, வெரசா கேட்டுச் சொல்லுங்க" என்று குனிந்து மண்ணை வெட்டினாள்.