தம்பி கேட்ட நாற்காலி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகம்தானே? இங்கே நாங்களும் சுகம் என்று மட்டும் எழுதினால் அது பொய், இரண்டு நாளாக என் கால் தரையில் படவில்லை, உன் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறார், அப்படி ஒரு சந்தோஷம். உன் தம்பி தனி வீட்டுக்குக் குடிபோய்விட்டான்! போனில் சொன்னால் நடுவில் நூறு கேள்வி கேட்டுக் கதையைக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். பேசாமல் படி, மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

அவருக்கு இவன் ஜாடை பிடிபடாது என்பதால் சொல்கிறேன், தம்பிக்குப் பேச்சு வராது, கண் மேலே போனால் ஆமாம், வாயை இறுக்கினால் இல்லை. அவனைப் பார்த்துக்கொள்ள பராமரிப்பு நிலையத்திலிருந்து வருகிற பெண்ணை நாங்கள் புயல் என்றுதான் கூப்பிடுவோம், அவள் உள்ளே வந்தால் கதவு சுவரில் இடிக்கும். ஆனால் தம்பியிடம் ஒன்று கேட்டுவிட்டால் அந்தப் புயல் அப்படியே அடங்கிவிடும். நீலச் சட்டையா பச்சையா என்று கேட்டால் அவன் பதில் சொல்லும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நான்தான் பச்சை என்று நடுவில் குதிப்பேன், "உங்ககிட்டயா கேட்டேன்?" என்று சிரிப்பாள்.

போன மாதம் அவள் வேலையை விடப்போகிறேன் என்று சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்குச் சொன்னால் அங்கே உட்கார்ந்து கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. துணிக்கடையில் கூப்பிடுகிறார்களாம். "இத்தனை வருஷமா இவனோடயே இருக்கேன், இவனப் பத்திப் பேசற கூட்டத்துல எனக்கு ஒரு நாற்காலி கிடையாது, வெளிய பையப் பிடிச்சுக்கிட்டு உட்கார நான் எதுக்கும்மா?" என்றாள். பழகிய ஆள் ஒருவர் துணைக்கு இருந்தால்தான் தம்பிக்குத் தனி வீடு தருவோம் என்று நிலையத்தில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அவள் போனால் தம்பியின் வீடும் போச்சு.

அந்த வாரமே நிலையத்தில் கூட்டம் வந்தது. மேசையைச் சுற்றி மேனேஜர் அம்மா, டாக்டர், நான், அப்பா, நடுவில் தம்பி. புயல் வழக்கம்போல வெளியே பெஞ்சில். மேனேஜர் நல்ல மனுஷி, அவனையே பார்த்து, தனி வீட்டில் இருக்க ஆசையா என்று கேட்டார். இவன் கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி கேட்டார், இன்னும் இறுக்கி மூடினான். களைப்பாக இருக்கிறான், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்ல, எனக்குப் பொறுக்கவில்லை, "ஆசைதாங்க, அதே நினைப்புதான்" என்று சொல்லிவிட்டேன். உடனே கண்ணைத் திறந்து என்னை ஒரு முறை முறைத்தான் பார், அப்படியே உன் அப்பாவின் முறைப்பு! அப்புறம் கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான், திரும்பவும் கதவைப் பார்த்தான். அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது, "ஸ்ட்ரைக் பண்றான்டி உன் பிள்ளை" என்று என் காதில் சொல்லிவிட்டு, வெளியே இருக்கிற பெண்ணைக் கூப்பிட வேண்டுமா என்று அவனிடம் கேட்டார். கண் மேலே போனது போ, கூரையைத் தொட்டுவிடும்போல!

அப்படி வழக்கமில்லையே என்று மேனேஜர் இழுத்தார். உன் அப்பா, வாயே திறக்காத மனுஷன், தன் நாற்காலியைத் தூக்கித் தம்பி பக்கத்தில் போட்டார், கதவைத் திறந்து, "உள்ள வாம்மா, உன் இடம் இங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டார். அவள் பையும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். மேனேஜர் திரும்பச் சொன்ன அதே கேள்வியை அவனிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். டாக்டர் ஏதோ சொல்ல வந்தார், மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். மெல்லக் கண் மேலே போனது. பயமாக இருக்கிறதா என்றாள், அதற்கும் கண் மேலே. பயம் இருந்தாலும் போகணுமா என்றாள், அதற்கும் மேலே! எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடு கொடுப்பதாக மேனேஜர் அங்கேயே சொல்லிவிட்டார். இனி எந்தக் கூட்டத்திலும், கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நாற்காலி உண்டு, இவளுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் புயல் துணிக்கடைக்குப் போன் போட்டு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

வீடு அடுத்த தெருவில்தான், சக்கர நாற்காலி தாராளமாகத் திரும்ப இடம் இருக்கிறது. இரவுக்கு வேறொருவர் வருகிறார், அவரைப் புயல்தான் பழக்குகிறாள். நேற்று நானும் அப்பாவும் போய் மணியை அடித்தோம். அம்மாவும் அப்பாவும் வந்திருக்காங்க, திறக்கலாமா என்று உள்ளே அவள் கேட்பது காதில் விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை. வேண்டுமென்றே செய்கிறான் என்று அப்பா முனகினார். நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். கடைசியில் கதவு திறந்தது, உள்ளே பச்சைச் சட்டையில், முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்காரன்!

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், பேத்திக்கு என் முத்தம். வேளைக்குச் சாப்பிடு. லீவில் வரும்போது தம்பி வீட்டில் தங்கலாமா என்று என்னிடம் கேட்காதே, அவனிடம் கேள், கேட்டுவிட்டுப் பொறுமையாக இரு.

இப்படிக்கு,
மகன் வீட்டு வாசலில் காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அம்மா