டாக்டர் எழுதச் சொன்ன காட்சி

என்னங்க,

ரசம் அடுப்பு மேல இருக்கு. நாலு மணிக்கு சிலிண்டர் வரும், வீட்லயே இருங்க.

துவைக்க எடுத்த சட்டையில, பான் பழக்கத்தை விட டாக்டர் கொடுத்த தாள் இருந்தது. வாய் புகையிலை போட்ட ஜர்தா பான் கேட்டா, கண்ணை மூடி, நீங்க ரொம்பப் பயப்படுற ஒரு காட்சியை நினைக்கணுமாம். புற்றுநோய்னு எழுதியிருப்பீங்கனு பார்த்தா, "ஹவுரா ஸ்டேஷன். நீலப் பையோட தமயந்தி சென்னை வண்டியில ஏறுறா"ன்னு இருக்கு!

பூஜை லீவுல சண்டை போட்ட மறுநாள், லேக் கார்டன்ஸ் அக்கா வீட்டுக்குனு சொல்லிட்டு ஹவுராவுக்குத்தான் போனேன். ஏறல, திரும்பிட்டேன். நீலப் பை ஸ்டேஷன் வாசல்ல வாங்கினது. வர்ற வழியிலேயே அக்காகிட்ட கொடுத்துட்டேன். உங்க கண்ணுல அது பட்டதே இல்லையே!

கோயிலுக்குப் போறேன். ஆறு மணிக்கு வந்துடுவேன்.

தமயந்தி

பி.கு. அப்போ அன்னிக்கு நீங்களும் ஸ்டேஷனுக்கு வந்தீங்களா? வந்துமா என்னைக் கூப்பிடாம நின்னீங்க?