ஆத்தா கேட்ட மாத்திரை

அண்ணி,

எதிர்வீட்டு வாசலில் ஏதோ பச்சையாய்த் தொங்குகிறது. என் கண்ணுக்கு மங்கல்தான். வேப்பிலை என்று வாசனைதான் சொன்னது. உடனே உங்கள் நினைப்பு.

கல்யாணமாகி வந்த மறு வருஷமே உங்கள் கன்னம் சிவந்து தடித்தது, மூட்டெல்லாம் வீங்கியது. உடம்பைக் காக்கும் சக்தியே உடம்பைத் தாக்குகிறது என்றார் டாக்டர். பிரான்சிலிருந்து வரும் மாத்திரையைக் கொடுத்தார். வலி அடங்கியது, முகம் உப்பியது. "மாமியார் வீட்டுச் சோறு நல்லா ஒட்டுது" என்று குழாயடியில் கேலி செய்தார்கள். "ஆமாக்கா, நாலு வேளையும் துன்றேன்ல" என்று சிரித்தீர்கள்.

அந்த மாத்திரை காவல் சக்தியைத் தூங்க வைக்கும், அக்கியோ அம்மையோ வந்தால் முற்றிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆனாலும் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்றார்.

அப்படியே ஆயிற்று. இடுப்பில் அக்கி கண்டது, சில நாளில் உடம்பெங்கும் கொப்புளம். அம்மை என்றே அம்மா முடிவு செய்தாள். ஆத்தா இறங்கிய உடம்பில் மருந்து படக்கூடாது என்று மாத்திரையை ஒளித்து வைத்தாள். அண்ணன் கெஞ்சியும் தரவில்லை.

சாயங்காலம் அம்மா வேப்பிலையால் விசிறிக் கை கூப்பினாள். "தாயே, ஒனக்கு என்னம்மா வேணும்?" அம்மை கண்டவர் கேட்பது ஆத்தாவே கேட்பது. மறுக்க முடியாது.

கண் திறந்தீர்கள். "அந்த மாத்திரை வேணும்."

அம்மா திகைத்தாள். "கூழு குடிக்கிறியா, தாயே?"

"கூழோட குடு."

அம்மா அழுதுகொண்டே எடுத்து வந்தாள்.

நீங்கள் எழுந்து நடமாடியபின் கேட்டேன்: "பட்டுப்பொடவ கேட்டிருந்தாலும் கெடச்சிருக்குமே அண்ணி?"

"போடி. ஆத்தா பேரச் சொல்லிப் பொடவையா கேப்பாங்க? உசுரு வேணும்னு கேட்டேன்." என் கையிலிருந்த ஊசியை வாங்கி நூல் கோத்தபடி, "நீயும் கேளு. கரும்பலகை தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பள்ளிக்கூடத்த விட்டு நின்னிருப்பியா?" என்றீர்கள். யாரிடமும் நான் சொல்லாததை நீங்களாகவே கண்டுபிடித்திருந்தீர்கள்.

பிறகு அதே நோய் சிறுநீரகத்தைக் கெடுத்து உங்களைக் கொண்டுபோயிற்று. இப்போது எனக்கு நூல் கோத்துத் தர ஆளில்லை.

இன்று கடைத்தெருவுக்குக் கிளம்பிய அம்மா, "ஒனக்கு ஏதாச்சும் வேணுமாடி?" என்றாள். ஒண்ணும் வேணாம் என்பதுதான் என் வழக்கமான பதில்.

"கண்ணாடி வேணும்மா."

"செவுத்துலதான் ஒண்ணு தொங்குதே. அதுல தெரியாத அழகா ஒனக்கு?"

முன்பென்றால் அத்தோடு வாயை மூடியிருப்பேன், அண்ணி.

"மூக்குக் கண்ணாடிம்மா" என்றேன்.