ஏழு கிணறுகளின் அசல் நோட்டு

அனுப்புபவர்:
ஆ. டோரதி,
நாலாம் பாரம் மாணவி,
(ரயில்வே சரக்கு ஆபீஸ் குமாஸ்தா திரு. ஆம்ப்ரோஸ் அவர்களின் இளைய மகள்)
ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர் கன்டோன்மென்ட்.

பெறுபவர்:
திரு. ஆராவமுதன் அவர்கள்,
காரியதரிசி, கல்லூரி மாணவர் ஆராய்ச்சிப் பரிசுக் குழு,
மல்லேஸ்வரம், பெங்களூர்.

பொருள்: என் அக்கா செல்வி பிரிஜெட் எழுதிய ‘ஏழு கிணறுகள்’ என்னும் ஆராய்ச்சிக் கட்டுரை, கற்பனை அளவுகள் கொண்டதென்று நீக்கப்பட்டது – அக்குற்றம் நகல் எடுத்த என்னைச் சேர்ந்தது – மறுபடி பார்க்கக் கோருதல்.

பார்வை: குழுவின் கடிதம், தேதி 3-2-1939.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். குழுவின் வேலைகள் ஆங்கிலத்தில் நடப்பவை என்று அறிவேன். நான் ஆங்கிலத்தில் எழுதினால் யாராவது திருத்தித் தர வேண்டியிருக்கும். திருத்தி அழகாக்கிய எழுத்தால் வந்த தீங்கைப் பற்றியே எழுத இருப்பதால், அதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை. தங்கள் வீட்டுப் பாஷை தமிழ் என்று அக்கா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2. புகார் மனுவில் யார் மேல் புகார் என்று சொல்ல வேண்டும். இது என் மேல் நானே கொடுக்கும் புகார்.

3. என் அக்கா பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கிறாள். சென்ற வருஷம் ஜனவரி 8-ம் தேதி முதல் அக்டோபர் 29-ம் தேதி வரை, சனிக்கிழமை தோறும் மத்தியானம், எங்கள் வீட்டுப் பக்கமிருந்து லிங்கராஜபுரம் வரை உள்ள ஏழு கிணறுகளுக்கு நடந்து போய் நீர்மட்டத்தை அளந்தாள். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, அதன் நுனியில் ஒரு கல், ஒரு பென்சில், ஒரு கெட்டி அட்டை நோட்டு, இவையே அவளுடைய கருவிகள். நான் குடை பிடித்து முடிச்சுகளை எண்ணுவேன். மழை பெய்து எத்தனை நாளைக்குப் பிறகு எந்தக் கிணறு ஏறுகிறது என்பது கேள்வி. ஆனால் கிணற்றடிக்குப் போனால் தண்ணீர் மட்டும் இருப்பதில்லை என்று அக்கா சொல்வாள். ஆகையால் ஒவ்வொரு கிணற்றுக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது, யார் அங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதினாள். விஞ்ஞானம், சரித்திரம், சமூக சாஸ்திரம் என்ற மூன்று பிரிவுகளில் எதில் சேர்ப்பது என்று தங்கள் குழுவே முதலில் யோசித்ததாகக் கேள்விப்பட்டு நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

4. அந்த நோட்டு பார்க்க அழகாக இராது. ஒரே நாளுக்கு இரண்டு அளவுகள் இருக்கும். கயிறு நனைந்தால் சுருங்கும் என்பதால் காய்ந்த கயிற்றில் ஒரு முறையும் நனைந்த கயிற்றில் ஒரு முறையும் அளந்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பாள். மழைத்துளி விழுந்து ஊறிய இடங்கள் உண்டு. அடித்தலுக்கு மேல் அடித்தல் உண்டு.

5. நவம்பர் முதல் வாரத்தில் அக்கா கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அளவுப் பட்டியலையும் கிணற்றடிக் குறிப்புகளையும் நல்ல தாளில் நகல் எடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். வகுப்பில் கையெழுத்துக்கு முதல் பரிசு எனக்கு. ஐந்து நாள் எழுதினேன். ஒரே மை, சிவப்புக் கோடு, ஒரு அடித்தல் இல்லை. முடித்த பிறகு அசல் நோட்டைப் பழைய செய்தித்தாள்களோடு சேர்த்துப் பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டேன். எங்கள் பள்ளியில் நல்ல நோட்டில் எழுதி ஆசிரியை கையெழுத்துப் போட்டதும் ரஃப் நோட்டைக் கிழித்துவிட வேண்டும். வைத்திருந்தால் திட்டு விழும். எல்லா நோட்டுக்கும் அதுவே முறை என்று நினைத்தேன். கல்லூரியில் ரஃப் நோட்டுத்தான் நோட்டு என்பது எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

6. நகல் எடுக்கும்போது நான் செய்த மாற்றங்களை மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டு அளவுகள் இருந்த இடத்தில் ஒன்றை மட்டும் எழுதினேன். கேள்விக்குறிகளை விட்டுவிட்டேன்.

நாலாம் கிணற்றுக்குக் குதிரைக்காரன் கிணறு என்று பெயர். அதை ஒரு குதிரைக்காரர் வெட்டினார் என்று கல்லறைத் தோட்டக் காவலாளி ஒரு வாரம் சொன்னார். குதிரைக்காரர் அதில் விழுந்து செத்தார் என்று அவரே மறுவாரம் சொன்னார். அக்கா இரண்டையும் எழுதியிருந்தாள். நான் வெட்டியதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆறாம் கிணற்றில் சவரியம்மாள் என்பவர் எங்களைப் பார்த்துச் சொன்னது இது: “ஏம்மா, காலேஜு படிச்சிட்டு கிணத்த எண்ண வந்தியா? நாங்க நித்தம் இங்க நின்னு குடத்த எண்றோம், எங்களுக்கு எவன் பி.ஏ. குடுத்தான்?” அக்கா அதை ஒரு எழுத்து மாறாமல் எழுதி, கீழே கோடிட்டு வைத்திருந்தாள். அது மரியாதைக் குறைவாகத் தோன்றியதால், கிணற்றடியில் உள்ளோர் அன்புடன் ஒத்துழைத்தார்கள் என்று நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தேதிகளைப் பற்றியது. நடுவில் மூன்று சனிக்கிழமைகள் அளக்கவில்லை. ஏப்ரல் 16 ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனி. வீட்டார் எல்லோரும் கோயிலில் இருந்தோம். ஜூலை 9, 16 இரண்டும் அக்கா காய்ச்சலாகக் கிடந்த நாட்கள். வெற்றுக் கட்டங்கள் சோம்பேறித்தனமாகத் தெரியும் என்று பயந்து, தலையில் ஜனவரி 8 என்று மட்டும் போட்டு, தேதிகளை எடுத்துவிட்டு, முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று நாற்பது வரை இடைவெளியில்லாமல் எழுதிவிட்டேன். ஆகவே ஏப்ரலுக்குப் பிறகு ஒவ்வோர் அளவும் ஒரு வாரமும், ஜூலைக்குப் பிறகு மூன்று வாரமும் முன்னால் நகர்ந்துவிட்டது.

7. கட்டுரை கொடுக்கக் கடைசி நாளான நவம்பர் 15-ம் தேதி காலையில்தான் நகல் முடிந்தது. அக்கா பக்கங்களைப் புரட்டி, “அச்சடிச்ச மாதிரி இருக்குடி டோரா” என்றாள். படித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அசல் நோட்டு தன்னிடம் உள்ளதென்று குழுவின் படிவத்தில் அன்று அவள் கையொப்பமிட்டது பொய்யல்ல. வீட்டில் இருப்பதாகவே நம்பினாள். சாயங்காலம் திரும்பி வந்துதான் நோட்டைத் தேடினாள். நான் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு, “சரி விடு. நீ வேணும்னேவா செஞ்சே?” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். அன்று முதல் இன்று வரை அவள் என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை.

8. ஜனவரி 28-ம் தேதி குழுவின் முன் அவள் அழைக்கப்பட்டபோது, துணைக்குப் போன நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு சாத்தவில்லை. மழை பெய்த இரண்டு வாரத்தில் கிணறு ஏறுகிறது என்று கட்டுரை சொல்ல, பட்டியலில் மழைக்கு முன்பே ஏறுகிறது. உன் கிணறுகளுக்கு ஜோசியம் தெரியுமா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அடுத்த நிமிஷம் அது என் வேலை என்று புரிந்தது. மூன்று வாரம் அளக்கவில்லை என்று அக்கா சொன்னாள். அப்படியானால் அசலைக் காட்டு என்றார்கள். தொலைந்துவிட்டது என்றாள். அந்த ஒரு சொல் உண்மையல்ல. தங்கை பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டாள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போய்ச் சொல்ல எனக்கும் கால் வரவில்லை. பத்தடி தூரம்தான் இருந்தது.

9. கட்டுரை நீக்கப்படுகிறது, அளவுகள் வீட்டிலிருந்தே எழுதப்பட்டவை, இம்மாத முடிவில் கல்லூரிக்கும் அறிவிக்கப்படும் என்று தங்கள் கடிதம் சொல்கிறது. அடுத்த வருஷம் தம் ஆராய்ச்சிக் கூடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்வதாகக் கெமிஸ்ட்ரி புரொபசர் சொல்லியிருந்தார். கல்லூரிக்கு அந்த அறிவிப்புப் போனால் அது நடக்காது. “பரீட்சை பாஸ் பண்ணினா போதும்மா, இதெல்லாம் எதுக்கு?” என்று அப்பா ஆறுதலாகச் சொல்கிறார். அக்கா முடிச்சுக் கயிற்றைக் கொல்லையில் துணிக்கொடியாகக் கட்டிவிட்டாள். சனிக்கிழமை மத்தியானங்களில் சும்மா இருக்கிறாள்.

10. சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மா மல்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது, காகிதத்தில் பென்சில் எழுத்து இருந்தது. அக்காவின் எழுத்து. அவள் அதை வாங்கி, கையால் தடவி நீட்டி, முழுவதும் படித்து, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் பள்ளி விட்டதும் அம்மா அந்தப் பொட்டலத்தை வாங்கிய, லிங்கராஜபுரத்தில் உள்ள திரு. சில்வெஸ்டர் என்பவரின் மளிகைக் கடைக்குப் போனேன். “அடடா பாப்பா, அது உங்க அக்கா புஸ்தகமா? நல்ல கெட்டித் தாளு, புளி கட்டினாக்கூட ஊறல. கிறிஸ்மஸ்லேர்ந்து அதுலதானே மடிச்சிட்டிருக்கேன்” என்று வருத்தப்பட்டார். ஆணியில் குத்தியிருந்த காகிதக் கட்டை முழுதும் எனக்காக அவிழ்த்துக் காட்டினார். அதில் ஐந்து தாள்கள் இருந்தன. பென்சில் எழுத்துப் பொட்டலம் யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டுவரும்படி வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். “ஏன், புதையல் இருக்கிற எடம் எழுதியிருக்கா?” என்று கேட்டுக்கொண்டே ஐந்து தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று சவரியம்மாள் கொண்டுவந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் பேசியது அந்தத் தாளில்தான் இருந்தது. படித்துக் காட்டினேன். “நான் பேசினத அப்படியேவா எழுதி வெச்சிருக்கு அந்தப் பொண்ணு?” என்று இரண்டு தடவை கேட்டார்.

11. அக்காவின் ஜெபப் புத்தகத்திலிருந்து அவளுக்குத் தெரியாமல் எடுத்ததையும் சேர்த்துப் பதினோரு தாள்கள் கிடைத்தன. நோட்டில் தொண்ணூற்றுக்கு மேல் இருந்தன. கிடைத்தவற்றில் ஏப்ரல் 16-ம் தேதித் தாள் உண்டு. ‘பெரிய சனி, அளக்கவில்லை’ என்று தெளிவாக இருக்கிறது. ஜூலை 9-ம் தேதித் தாளிலும் ‘காய்ச்சல், அளக்கவில்லை’ என்று இருக்கிறது. ஜூலை 16-ம் தேதித் தாள் ‘காய்’ என்ற இடத்தோடு கிழிந்திருக்கிறது. மீதி எழுத்துக்கள் இன்னவை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அதில் எதையும் எழுதவில்லை.

12. ஆகவே தாங்கள் தயவு செய்து,

அ. இந்தப் பதினோரு தாள்களையும் நகலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படியும், அளக்காத மூன்று வாரங்களைக் கழித்துத் தேதிகளைத் திரும்பப் போட்டு மழைக் கணக்கோடு வைத்துப் பார்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். நான் அப்படிப் பார்த்தேன். என்ன தெரிகிறதென்று சொல்லும் உரிமை அக்காவுடையது.

ஆ. அதுவரை கல்லூரிக்கு எழுத இருக்கும் கடிதத்தை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன்.

இ. தொலைந்துவிட்டது என்று அவள் சொன்னதற்குத் தண்டனை உண்டென்றால், அது யாரைக் காப்பாற்றச் சொன்னது என்பதையும் குழு எண்ணிப் பார்க்க வேண்டும். என்னை அழைத்தால் வந்து சொல்கிறேன். இந்த முறை கதவுக்கு வெளியே நிற்க மாட்டேன்.

பரிசு வேண்டுமென்று நான் கேட்கவில்லை. மீதித் தாள்கள் இல்லாமல் அக்கட்டுரை இனி முழுமையாகாது என்பதும் எனக்குத் தெரியும். அது என்னால் திரும்பக் கொடுக்க முடியாதது. அவள் அந்த ஏழு கிணறுகளுக்கும் போனாள், வெயிலில் நின்று அளந்தாள் என்பதை மட்டும் குழு ஒப்புக்கொண்டு எழுதினால் போதும்.

இம்மனு அக்காவுக்குத் தெரியாது. நல்ல பதில் எழுத முடியுமானால் அவள் பெயருக்கே எழுத வேண்டுகிறேன். அப்படி முடியாதென்றால் எனக்கு எழுதுங்கள்.

இடம்: ரிச்சர்ட்ஸ் டவுன்
தேதி: 11-2-1939, சனிக்கிழமை

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்க்கும்,
ஆ. டோரதி

இணைப்பு: பென்சில் எழுத்துத் தாள்கள் பதினொன்று. எண்ணெய்க் கறையும் மடிப்பும் கடையில் ஏற்பட்டவை. அடித்தல்களும் கேள்விக்குறிகளும் என் அக்காவுடையவை.

இம்மனுவில் உள்ள அடித்தல்கள் என்னுடையவை. இதற்கு நகல் எடுக்கவில்லை.