காய் பறித்ததும் வெட்டுகிறேன்

சதுரங்கப்பட்டினம்,
செப்டம்பர் 9.

செல்வராஜ் தம்பிக்கு,

கீழ்வீட்டு ரெஜினா அக்கா எழுதுகிறேன். ஸ்தோத்திரம் சொல்லித்தான் நாங்கள் கடிதம் தொடங்குவோம். இதை அப்படித் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. கோயம்புத்தூரில் நீங்களும் உங்கள் அம்மாவும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேசியதை மறுநாளே இல்லை என்று சொல்லிவிட எனக்கு வரும். அதனால்தான் கைப்பட எழுதுகிறேன்.

நீங்கள் காலி செய்த மாடி அப்படியே கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் தண்ணீர் உப்பு என்று நானே சொல்லி அனுப்பிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஸ்டான்லிக்குச் சர்க்கரை ஏறிப்போயிருக்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஞாயிறு சியாமளாவின் அக்கா சுஜாதா அணுபுரத்திலிருந்து வந்திருந்தாள். சியாமளா மூன்று மாதமாக ஆரணியில் தாய்வீட்டில் இருக்கிறாளாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளிடம் பிள்ளையை விடமாட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்களாம். சுஜாதா அழுதுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி, அந்தக் களாச்செடியின் கிளை வழியில் நீட்டிக்கொண்டிருப்பதை சியாமளா என்னிடம் சொன்னாள். ஒரு முறை இல்லை, மூன்று முறை.

திருக்கழுக்குன்றத்துப் பக்கம் புதரில் பொறுக்கி வந்த பழத்தின் விதை போட்டு நான் முளைக்க வைத்த செடி அது. இந்த உப்புத் தண்ணீரிலும் நான்கு வருஷம் தாக்குப்பிடித்து, இந்த வருஷம்தான் முதல்முதலாகப் பூத்தது. தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தேன். மார்ச்சில் சியாமளா வந்து, முள் இரண்டிரண்டாக நீட்டிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் வெட்டிவிடலாமா அக்கா என்று கேட்டாள். "பூ வெச்சிக்கினு கீதும்மா, இப்ப வெட்னா காயே வராது. காய் பறிச்சதும் வெட்டிடறேன்" என்றேன். இரண்டாவது தடவை பாப்பாவின் கவுன் கிழிந்ததைக் கொண்டுவந்து காட்டினாள். அதே பதிலைத்தான் சொன்னேன். பெரியவர்களுக்கு அது இடுப்பளவுச் செடி. பாப்பாவின் கண் அந்த உயரத்தில் இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது தடவை, பாப்பா கண்ணில் முள் குத்துவதற்கு இரண்டு நாள் முன்னால், அவளே கத்தரிக்கோலோடு இறங்கி வந்தாள். என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். "வூடு யாருது? என் செடியில கை வெக்கற வேல வெச்சிக்காத." அவள் கத்தரிக்கோலோடு மாடி ஏறிப் போய்விட்டாள். டீ குடித்துக்கொண்டிருந்த ஸ்டான்லி, "இன்னாத்துக்கு ரெஜினா இந்தப் புடிவாதம்?" என்றார். அவரையும் வாயை மூடச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே வெட்டியிருப்பேனே தம்பி என்று வாய் கூசாமல் சொன்னேன். சியாமளா பதறிப்போய், நான் சொன்னேன், மூன்று தடவை சொன்னேன் என்றாள். அக்கா பொய் சொல்லமாட்டார்கள் என்று அவளை அடக்கினீர்கள். அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. பயந்துவிட்டேன். போலீஸ், கேஸ் என்று ஆகிவிடுமோ என்று பயம்.

அன்றைக்கே ஸ்டான்லி செடியைத் தோண்டிப் போட்டார். கை முழுக்க முள் கிழித்து ரத்தம். அத்தனையும் பிஞ்சுக் காய். ஐயோ, காயெல்லாம் வீணாகிறதே என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன், நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஸ்டான்லியிடம் கேளுங்கள். அவரும் கீழே கையெழுத்துப் போடுகிறார். கேஸ் போடுவதானாலும் இந்தக் காகிதமே போதும், நான் மறுக்கமாட்டேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம், பதிலும் போடவேண்டாம். ஆரணிக்குப் போங்கள் தம்பி. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கண்ணை நான் பறித்துவிட்டேன், அம்மாவையும் பறித்தவளாக என்னை ஆக்கிவிடாதீர்கள்.

ரெஜினா
ஸ்டான்லி