சுருள மறுத்த டிக்கித் திரை

22 அக்டோபர் 1999, வெள்ளி

பின்பக்கம் நீண்ட எங்கள் எஸ்டேட் மாடல் காரின் டிக்கியில் பெட்டிகளை மறைக்கும் திரை, இழுத்தால் வருகிறது. விட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. பூஜைக்கு முன்பு சர்வீஸ் செய்த மெக்கானிக் செல்வம்தான் கெடுத்துவிட்டான் என்று காலையில் ஸ்ரீராம்புரத்தில் அவன் ஷெட்டுக்கே போய்க் கத்தினேன்.

"நா அத்தத் தொடவேயில்ல மேடம், சத்தியமா" என்றான். நான் நம்பவில்லை.

மதியம் நானே திரையைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங்கில் குறையே இல்லை. திரை உள்ளே போகும் இடுக்கில் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. ஆயுத பூஜையன்று ஓர் இடம் விடாமல் பொட்டு வைத்தவள் நான்தான். ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டினேன். மறுபடி மாட்டி இழுத்து விட்டதும் சர்ரென்று சுருண்டுகொண்டது.

"யாருக்குத் தெரியப்போகுது, விடு" என்கிறார் இவர்.

விடுவதாக இல்லை. செல்வத்தை நான் திட்டியது நாலு பேர் முன்னால். நாளை மன்னிப்புக் கேட்கப்போவதும் அங்கே நாலு பேர் இருக்கும்போதுதான்.